தொப்பு விழுந்த கதை

வேலை செய்யும் இடத்தில் என் பெயர் தொப்பு. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது என் அடையாள அட்டையில் குடியிருக்கிறது, வெளியே வருவதில்லை. பெயர்க்காரணம் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அடிபட்டவன்தான் முதலில் சிரிக்க வேண்டும். அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் தானே அதைக் கதையாக்கிவிட வேண்டும். அப்பா தன் மூலநோயைப் பற்றிச் சொல்லியே ஒரு விருந்தைக் கலைத்தவர். அந்த வித்து நான்.

நான் விழுந்த கதை மூன்று பாகம். முதல் பாகம் பள்ளிக்கூடத்தில். பரீட்சை தொடங்கும் மணி தலைக்கு மேலேயே அடித்தது. எல்லோரும் எழுதக் குனிந்தார்கள். நான் மட்டும் குனிந்த வேகத்தில் தரைவரைக்கும் போய்விட்டேன். கணக்கு வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, "நடிப்புக்கெல்லாம் மார்க் கிடையாது, எழுந்திரிடா" என்றாராம். நானும் எழுந்தேன், எழுதினேன். அந்த மார்க்குக்கு விழுந்தே கிடந்திருக்கலாம்.

இரண்டாம் பாகம் சலவைக்கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கும் இடம் அது. ஆள் உயர மெஷின்கள் வரிசையாக நிற்கும். நான் தேய்ப்பு உருளையில் நிற்பவன். ஈர விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து ஊட்டினால், கொதிக்கும் உருளை அதை விழுங்கி மறுபக்கம் தகடுபோலத் துப்பும். சேர்ந்த புதிதில் ஒரு நாள், மெஷின் ஓடி முடித்ததற்கான பஸ்ஸர் என் காதருகே அலறியது. நான் தொப்பென்று அழுக்குத் துணி வண்டிக்குள் விழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை. என் மேல் இன்னொரு மூட்டையைக் கொட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மெஷின் வாயருகே போனபோதுதான் எனக்கு நினைவு வந்து, துணிக்கு நடுவிலிருந்து, "அண்ணே, நான் வெள்ளைத் துணி கெடையாதுண்ணே" என்றேனாம். மேஸ்திரி அன்று வைத்த பெயர்தான் தொப்பு.

மூன்றாம் பாகத்தில் அலாரம் கடிகாரம் வருகிறது. என் மனைவியின் வீட்டாரை முதன்முதலாகப் பார்க்கப் போகவேண்டிய காலை. அலாரம் அடித்தது, எழுந்து உட்கார்ந்தேன், அடுத்து எனக்குத் தெரிந்தது தரை. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கத்தோடு அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நெத்தியில என்ன?" என்று கேட்டாள் எனக்கு மனைவியாகப் போகிறவள்.

"உங்க வீட்டுக்கு வர்ற சந்தோஷத்துல கட்டில்லேர்ந்து குதிச்சிட்டேன்."

வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "குதிச்சீங்களா, விழுந்தீங்களா?" என்றாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுவதும் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா?" என்று கேட்கிற பிழைப்பு. அவளிடம் மழுப்ப முடியாது என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன்.

இந்த மூன்று பாகத்தையும் என்னைவிட நன்றாகச் செய்துகாட்டுபவள் என் அக்கா. நான்கு பேர் கூடினால் போதும், எழுந்து நின்றுவிடுவாள். மணி அடிக்கும் சத்தம், என் கண் மேலே செருகுவது, முழங்கால் மடங்குவது, கடைசியில் "தொப்!" கூடவே வாலாகச் சித்தப்பா கதையும் வரும். அப்பாவின் தம்பி. நல்ல வயதில், மத்தியானத் தூக்கத்தில் போன் அடிக்க, பதறி எழுந்து கையில் எடுத்தவர் 'ஹலோ' கூடச் சொல்லாமல் விழுந்து போய்விட்டார். "அவருக்குத்தான் போன்ல பேசவே பிடிக்காதே" என்று அப்பா சொல்வார். நாங்கள் அதற்கும் சிரிப்போம். அழுது முடித்த பிறகு, சிரிக்கத் தொடங்கினோம். பிறகு அழுததை மறந்துவிட்டோம்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். பிறந்த அன்றே புருவத்தைச் சுருக்கி, வேலை எதுவும் திருப்தியில்லை என்பதுபோல எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். சலவைக்கூடத்து மேனேஜர் அப்படித்தான் விரிப்பின் மடிப்பைப் பார்ப்பார். அதனால் மேனேஜர் என்றே கூப்பிட ஆரம்பித்தேன். என் மனைவிகூட, "மேனேஜருக்குப் பசி வந்தாச்சு" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பதவி நிலைத்துவிட்டது.

கழுத்து நிற்கத் தொடங்கிய சமயம். எனக்கு விடுமுறை நாள், பகல் வேளை. மேனேஜர் பால் குடித்துவிட்டு மனைவியின் தோளில் கிடந்தாள். வாசலில் அக்கா. அக்கா காலிங் பெல்லில் விரலை வைத்தால் கதவு திறக்கும்வரை எடுக்கமாட்டாள். பெல் அலறியதும் குழந்தையின் இரண்டு கையும் விரிந்தன. அப்படி விரிவது வழக்கம்தான். ஆனால் விரிந்த கை திரும்பி மடங்கவில்லை, அப்படியே தொங்கியது.

"என்னங்க, உதட்டு நிறம் சரியில்ல" என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை. கடையில் லென்சில் கீறல் கண்டுபிடித்தது போலச் சொன்னாள்.

பார்த்தேன். நீலம் அதிகமாகிப்போன தண்ணீரில் அலசிய துணி என்ன நிறமோ, அந்த நிறம். தலை பின்னால் சரிந்திருந்தது. மூச்சு இருப்பதாகத் தெரியவில்லை. மனைவி அவளைத் திருப்பிப் போட்டு முதுகைத் தட்டினாள். நான் அறைக்கு நடுவில் ஒரு மேஜைபோல நின்றேன். பிறகு ஒரு விக்கல், ஒரு இழுப்பு, வீறிட்டு ஒரு அழுகை. நிறம் திரும்பியது. வாசலில் பெல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் டாக்டரம்மாவையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மெஷின்களும் அப்படித்தான். மெக்கானிக் வந்து நின்றால் தேனாக ஓடும். டாக்டரம்மா பொறுமைசாலி. இந்த வயதுக் குழந்தைக்கு இப்படித் திடீரென்று மூச்சு நின்று நிறம் மாறினால் அதற்குப் பல காரணம் இருக்கலாம் என்று சொன்னார். குடித்த பால் எதுக்களித்து மூச்சுக் குழாயை அடைத்திருக்கலாம். கக்குவான் இருமலின் ஆரம்பமாக இருக்கலாம். வலிப்பு, ரத்தத்தில் கிருமி, இதயக் கோளாறு, உடம்பில் சர்க்கரை குறைவது, தலையில் அடிபடுவது என எதுவும் இருக்கலாம்.

"பாதிப் பேருக்குக் காரணமே கெடைக்காது" என்றார். "வந்த மாதிரியே போயிடும். எதுக்கும் பார்த்துடலாம்."

பார்த்தார்கள். ரத்தம், சளி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரி. ஈசிஜியில் ஒரு அளவு கொஞ்சம் இயல்பின் எல்லையில் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இந்த வயதில் அப்படி இருப்பதுண்டாம். மனைவி குழந்தைக்குப் பால் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா என்னிடம் கேட்டார்:

"உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் உண்டா? அடிக்கடி மயங்கி விழறது? சின்ன வயசுல திடீர்னு இறந்துபோனவங்க?"

"எங்க குடும்பத்துல யாரும் டாக்டர்கிட்டயே போனதில்ல, டாக்டர். அதனால வியாதியே கெடையாது" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு. பயத்தில் கட்டையாகிப் போயிருந்த எனக்கு, அவர் சிரித்ததும் உயிர் வந்தது. கையிலிருந்த தாளில் ஏதோ ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோய் என்றால் படுத்துக் கிடப்பது, மாத்திரை தின்பது. நான் விழுந்ததெல்லாம் நோயா என்ன? அது நிகழ்ச்சி.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று, நெஞ்சில் எங்கே, எப்படி இரண்டு விரல் வைத்து அழுத்துவது என்று மனைவிக்குப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கும்தான். நான் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டு நர்ஸைச் சிரிக்க வைத்தேன்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பால்தான் என்றாள் அக்கா. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைக் குறை சொன்னார். மேஸ்திரி, "உன் மூஞ்சியக் கிட்டத்துல பார்த்திருக்கும்" என்றார். நான் தொட்டிலில் தலைப்பக்கம் உயர்த்தக் கட்டை வைத்தேன். டாக்டர் அதெல்லாம் வேண்டாம் என்றாரே என்று மனைவி கட்டையை எடுத்துவிட்டாள். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் தொட்டிலை நகர்த்தி, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு வலிக்கப் போகுது" என்றேன்.

"வலிக்கட்டும்."

"உனக்கும் ஒரு கண்ணாடி வேணும் போல."

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க. தெரியறதுதான் கஷ்டமா இருக்கு."

ஒரு சாயங்காலம், குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தால் தவறிவிடக் கூடாது என்று, மனைவி போனின் சத்தத்தை முழுக்க ஏற்றித் தொட்டிலின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அழைத்தார்கள். மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளை ஞாபகப்படுத்த. போன் அலறியது. மேனேஜரின் கைகள் விரிந்தன.

இந்தத் தடவை நிறம் திரும்பவில்லை. மனைவி அவளைத் தரையில் கிடத்தி இரண்டு விரலால் அழுத்த ஆரம்பித்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள், மறுபடி அழுத்தினாள். பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டவனுக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அதே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மறுமுனையில் பேசியவர், "நிதானமா விலாசம் சொல்லுங்க" என்றார். என் தெருப் பெயர் எனக்கு மறந்துவிட்டது.

வந்தவர்கள் இதயத்தை ஓட வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் போட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் சின்னதாகத் தெரிந்தாள், குழாய்கள் பெரிதாகத் தெரிந்தன. டாக்டரம்மா வெளியே வந்து உட்கார்ந்து பேசினார்.

"மூச்சு நின்னதால இதயம் தடுமாறுச்சா, இதயம் தடுமாறினதால மூச்சு நின்னுதான்னு தெரியல. கிருமி இதயத்தைத் தாக்கியிருக்கான்னு பார்க்கிறோம். வலிப்பான்னு பார்க்கிறோம். காரணம் தெரிஞ்சாதான் அடுத்த தடவ வராம தடுக்க முடியும்."

அடுத்த தடவை என்ற சொல்லை நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டோம். அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால் இப்போது பிழைத்துவிடுவாள் என்றுதானே அர்த்தம்.

மறுநாள் அக்கா பிளாஸ்கில் டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். மனைவி முந்தைய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தாழ்வாரத்து நீள இருக்கையில் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாய் குடிம்மா."

"வேண்டாம் அண்ணி."

"நீ தெம்பா இருந்தாத்தானே அவளுக்குத் தெம்பு?"

அக்காவுக்கு அழத் தெரியாது என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாது. கையைப் பிசைந்தாள், என்னைப் பார்த்தாள், சட்டென்று எழுந்து நின்றாள்.

"இவன் கடைசியா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டியது எப்போ தெரியுமா? இஸ்கூல் மணி அடிச்ச அன்னிக்கு."

"அக்கா, வேணாம்" என்றேன். ஆனால் அப்படிச் சொல்வதும் கதையில் வழக்கமாக வருகிற வசனம்தான்.

அவள் ஆரம்பித்துவிட்டாள். டிங் டிங் டிங். கண் மேலே போனது, முழங்கால் மடிந்தது. பக்கத்தில் காத்திருந்த இன்னொரு குழந்தையின் அப்பா சிரித்தார். மருந்துத் தட்டோடு போன நர்ஸ் நின்றுவிட்டாள். அக்காவுக்கு வேகம் வந்துவிட்டது. பஸ்ஸர் வந்தது, துணி வண்டி வந்தது, "நான் வெள்ளைத் துணி கெடையாதுண்ணே" வந்தது. என் மனைவியின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா, "சித்தப்பா இவனுக்கும் மேல!" என்று போனை எடுத்தாள். ஹலோ சொல்லாமல் சரிந்தாள்.

"திருப்பிச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

டாக்டரம்மா. கதவருகே எவ்வளவு நேரமாக நின்றாரோ. சிரிக்கவில்லை.

"இல்ல டாக்டர், சும்மா, இவங்க சாப்பிடணும்னு…" என்றாள் அக்கா.

"நடிக்க வேண்டாம். நடந்தத மட்டும் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் முன்னாடி என்ன நடந்துது?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் பிள்ளைபோலச் சொன்னாள். மணி. பஸ்ஸர். அலாரம். போன். அப்படிச் சொன்னபோது அதில் சிரிக்க ஓர் இடம்கூட இல்லை. இத்தனை வருடம் எதற்குச் சிரித்தோம் என்று தேடிப்பார்த்தேன்.

மனைவி மெதுவாக, "பெல்லு" என்றாள். "அன்னிக்கு பெல்லு அடிச்சுது. நேத்திக்கு போன்."

அக்கா தன் வலது கைவிரலைப் பார்த்தாள்.

"டாக்டர் இதெல்லாம் முன்னாடி கேக்கலயா?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அதே வார்த்தைகளில். எங்க குடும்பத்துல யாரும் டாக்டர்கிட்டயே போனதில்ல. வாழ்க்கையில் நான் இரண்டாம் முறை சொல்ல விரும்பாத ஒரே நகைச்சுவை அது.

"நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

அன்றே என்னைப் படுக்கவைத்து மார்பில் வயர்களை ஒட்டினார்கள். வந்த நீளத் தாளைக் குழந்தையின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. ஒரு தடவை துடித்து முடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் நீளமாம். அந்த நேரத்தில் திடீர்ச் சத்தம் கேட்டு உடம்பு அதிர்ந்தால் இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கிவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் தானாகவே சரியாகியிருக்கிறது. சித்தப்பாவுக்கு ஆகவில்லை.

"மேனேஜருக்கு மூக்குதான் என்னோடதுன்னு எல்லாரும் சொன்னாங்க, டாக்டர்" என்றேன். வாய் தன் பாட்டுக்கு வேலை செய்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"மருந்து இருக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கு. தினமும் மாத்திரை. நிறையப் பேர் அதுல நல்லா இருக்காங்க."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடவில்லை. என் மனைவிக்குக் கண்ணாடிக்காரர்களின் முகத்தைப் படிக்கத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது. அதை வைத்துச் செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. மருந்து கொடுத்தார்கள், இதயம் ஒழுங்காகத் துடித்தது. அது துடித்துக்கொண்டே இருந்தது, மேனேஜர் மட்டும் அங்கே இல்லை. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி மூச்சு வருகிறதா என்று பார்த்தார்கள், இன்னொரு நாள் விட்டு மறுபடி பார்த்தார்கள். மூளை ரொம்ப நேரம் காற்றில்லாமல் இருந்துவிட்டது என்றார்கள். குழாய்களை எடுத்தபோது மனைவி அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மடிப்பு சரியில்லை. ஓரம் கோணலாக இருந்தது, ஒரு மூலை வெளியே தொங்கியது. பிரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, சுருக்கம் நீவி, திரும்பச் சுற்றினேன். மேனேஜர் பார்வைக்குப் போகிற மடிப்பு. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

சலவைக்கூடத்தில் இப்போது என் பகுதியில் பஸ்ஸர் கிடையாது. மெஷின் நின்றால் சிவப்பு விளக்கு எரிகிறது. யாரும் என்னைத் தொப்பு என்று கூப்பிடுவதில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. மேஸ்திரி பக்கத்தில் வந்து தோளைத் தொடவேண்டியிருக்கிறது. அதையும் மெதுவாகத் தொடுகிறார், வெடிகுண்டைத் தொடுவதுபோல.

வீட்டில் பெல்லின் வயரை நான்தான் வெட்டினேன். ஒரு நாள் குப்பைக் கூடையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள்.

"எவ்ளோ நேரமா நிக்கறே?"

"இப்பதான்டா" என்றாள். கையில் இருந்த பையின் காது விரலில் பதிந்து சிவந்திருந்தது.

"கதவத் தட்டியிருக்கலாமே."

அவள் கதவையே பார்த்தாள். அதைத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று யோசிப்பது போலிருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னபடி அவளும் பிள்ளைகளும் சோதனை செய்துகொண்டார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகு அவளுக்கும் இருக்கிறது, சின்னவனுக்கும் இருக்கிறது என்றார்களாம். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் மணியிலிருந்து தள்ளி இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடிக்கொண்டு வந்தவள்போலச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு அண்ணி" என்றாள் என் மனைவி. கோபமில்லை. அவள் சொல்வது எதிலும் இப்போது கோபம் இருப்பதில்லை. "எல்லாருக்கும் மாத்திரை கெடைச்சிருச்சு."

அக்கா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கும் மாத்திரை உண்டு. காலையில் ஒன்று. அலாரம் வைப்பதில்லை. மனைவிதான் என் தோளைத் தொட்டு எழுப்பி, தண்ணீரும் மாத்திரையும் கொடுப்பாள். நான் எழுந்து உட்கார்ந்ததும் அறை விளக்கைப் போட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

இன்று காலை அப்படிப் பார்த்தபோது சொன்னேன்: "இவ்ளோ ஆசையா கல்யாணத்தன்னிக்குக்கூட நீ பார்க்கலியே."

பழைய பழக்கம். சொல்லிவிட்டு, அவள் உதட்டோரம் அசைகிறதா என்று காத்திருந்தேன். அவள் என் உதட்டின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். விளக்கை அணைத்தாள்.